பாய் விரித்த இடம்

என்னோடு எம்.ஏ. படித்த நான்கு பேரும் நானுமாக ஐந்து பெண்கள், சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குப் போய்த் திரும்பும் சுற்றுலாக் கப்பலில் ஏறுவது என்று முடிவு செய்தோம். முடிவு செய்வதற்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்றும் சொல்லலாம். பிள்ளைகளின் பரீட்சை, மாமியாரின் கண் அறுவைச் சிகிச்சை, ஒருத்தியின் விவாகரத்து, எனக்கு ஒரு பல்கலைக்கழகத் தேர்வுத்தாள் திருத்தம் என்று எல்லாம் முடிந்து ஒரு மே மாதம் கிடைத்தது. பயண முகவர் தொலைபேசியில் கேட்டார்: "மேடம், கேபின் எந்த இடத்துல வேணும்? முன்னாடியா, நடுவுலயா, பின்னாடியா? மேல் தளமா, கீழ்த் தளமா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நீ எங்கே இருக்க விரும்புகிறாய் என்று இத்தனை மரியாதையாக என்னை யாரும் கேட்டதில்லை. வீடு கட்டியபோதுகூட அடுப்படி எந்த மூலையில் என்பதை வாஸ்து பார்க்க வந்தவர்தான் சொன்னார்.

என் தயக்கத்தைப் பார்த்து அவரே விளக்கினார். விளக்கம் நன்றாகவே இருந்தது. பூங்காவில் பிள்ளைகள் ஆடும் சீசாப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். இரண்டு முனைகளும் ஏறி இறங்கும், நடுவில் உட்கார்ந்தவருக்கு ஆட்டம் தெரியாது. கப்பலும் அப்படித்தான். அலையில் முன்பகுதியும் பின்பகுதியும் தூக்கிப்போடும், நடுப்பகுதி அதிகம் அசையாது. பக்கவாட்டு ஆட்டம் உயரம் கூடக் கூடக் கூடும். ஆகவே தலைசுற்றல் உள்ளவர்கள் நடுவில், கீழ்த் தளத்தில் எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் துறைமுகத்தில் விடியற்காலை நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தம். பின்னால் எடுத்தால் இயந்திர அதிர்வு. நடன அரங்குக்குக் கீழே எடுத்தால் இரவு இரண்டு மணிவரை தலைக்கு மேல் காலடிச் சத்தம். மேலும் கீழும் பயணிகளின் அறைகளே இருக்கும் தளமாகப் பார்த்து எடுங்கள் என்றார். யார் எடுத்தாலும் பயன்படும் யோசனை.

அன்று மாலை ஐந்து பேரும் ஒரே அழைப்பில் பேசினோம். அலை, அதிர்வு, நங்கூரம் எதையும் யாரும் கேட்கவில்லை. ஒருத்தி கேட்டாள்: "வெளியிலேர்ந்து ஆளுங்க சாவி போட்டுத் திறக்க முடியுமாடீ?" இன்னொருத்தி: "பக்கத்து அறைக்கு நடுவுல கதவு இருக்குமாமே, அது எந்தப் பக்கம் பூட்டியிருக்கும்?" மூன்றாமவள் கேட்டது இன்னும் நுட்பம்: "நடைபாதைக் கடைசில வேணாம். லிஃப்ட்டுலேர்ந்து அறைவரைக்கும் ராத்திரி தனியா எவ்வளவு தூரம் நடக்கணும்னு கேளு." மறுநாள் இவற்றை முகவரிடம் கேட்டேன். அவர் பட்டியலில் இவை இல்லை. "அதெல்லாம் ரொம்ப சேஃப் மேடம்" என்றார்.

அவர் சொன்ன நல்ல இடத்துக்கும் நாங்கள் தேடிய நல்ல இடத்துக்கும் நடுவே ஒரு வரலாறு கிடக்கிறது. அந்தக் கோடை முழுவதும் நான் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

தமிழ் படித்தவள் என்பதால் தொல்காப்பியத்தில் தொடங்காமல் இருக்க முடியாது. கடல்வழிப் பயணம் பெண்ணோடு சேர்ந்து நிகழ்வதில்லை என்று அகத்திணையியலில் ஒரு நூற்பா இருக்கிறது. உரைகாரர்கள் அதற்குப் பொருள் கொள்வதில் வேறுபடுகிறார்கள். ஆனால் வகுப்பில் நமக்குச் சொல்லித்தந்தது, பெண் கலம் ஏறக்கூடாது என்ற ஒரே பொருளைத்தான். இப்போது என் வகுப்பில் அதைச் சொல்லும்போது மாணவிகள் உடனே மணிமேகலையைக் கேட்கிறார்கள். அவள் மணிபல்லவத்துக்குப் போனாளே! போனாள்தான். ஆனால் தூங்கிக்கொண்டிருந்தவளைக் கடல் தெய்வம் எடுத்துச் சென்று அங்கே வைத்தது. திரும்பி வந்தது மந்திரத்தால், வான்வழியே. காப்பியம் அவளைக் கடல் கடக்க வைக்கிறது, கப்பலில் ஓர் இடம் மட்டும் தரவில்லை. கப்பலில் பெண்ணை எங்கே படுக்க வைப்பது என்ற கேள்வியைச் சாத்தனார் தவிர்த்துவிட்டார் என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாத நிலை 19ஆம் நூற்றாண்டில் வந்தது. பிரிட்டனிலிருந்து ஏழைப் பெண்களை ஆயிரக்கணக்கில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே வேலைக்கும் மனைவியாகவும் பெண் தேவைப்பட்டாள். பாய்மரக் கப்பலின் தளங்களுக்கு இடையிலிருந்த நீண்ட இருட்டுக்கூடம்தான் அவர்களின் இருப்பிடம். அதைப் பலகைத் தடுப்பு வைத்து மூன்றாகப் பிரித்தார்கள். தனி ஆண்கள் முன்பகுதியில், குடும்பங்கள் நடுவில், தனிப் பெண்கள் பின்பகுதியில். இந்த வரைபடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரப்போகிறது.

ஏன் பின்பகுதி? மாலுமிகள் தங்குமிடம் கப்பலின் முன்மூக்கில் இருந்தது. கப்டன், அதிகாரிகள், மருத்துவர் எல்லாரும் பின்பகுதியில், மேல்தளத்து அறைகளில். எனவே பெண்கள் மாலுமிகளிடமிருந்து கூடியவரை தூரத்தில், அதிகாரிகளின் கண்ணுக்குக் கீழே இருப்பார்கள் என்பது கணக்கு. அவர்களைக் கண்காணிக்க மேட்ரன் என்று ஒரு பெண் இருந்தார். பொழுது சாய்ந்ததும் கீழே அனுப்பிக் கதவைப் பூட்டுவார்கள். மாலுமியோடு பேசினால் குற்றம். மூன்று நான்கு மாதப் பயணம், அலை தூக்கிப்போடும் முனையில், பூட்டிய கதவுக்குள்.

இந்தக் கதையில் சென்னை எதிர்பாராத இடத்தில் வருகிறது. கரோலின் சிஸ்ஹோம் என்ற பெண்மணி, கும்பினிப் படை அதிகாரியான தன் கணவரோடு 1832இல் மதராசுக்கு வந்தவர். இங்கிருந்த வெள்ளைச் சிப்பாய்களின் பெண்பிள்ளைகள் பாசறைக்குள் சீரழிவதைப் பார்த்து, 1834இல் அவர்களுக்கு ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். 1838இல் சிட்னிக்குப் போனார். கப்பலிலிருந்து இறங்கிய தனிப் பெண்கள் போக இடமின்றித் தெருவில் நிற்பதைக் கண்டு 1841இல் அவர்களுக்கு ஒரு விடுதி திறந்தார். அவர்கள் சொன்ன கப்பல் கதைகளைக் காதுகொடுத்துக் கேட்டவர் அவர். பின்னர் 1850இல் தன் சங்கத்தின் சார்பில் கப்பல்களை அனுப்பத் தொடங்கியபோது, திறந்த படுக்கை வரிசைகளுக்குப் பதில் அடைப்புள்ள சிற்றறைகளும் காற்றோட்டமும் வேண்டும் என்று வற்புறுத்தினார். தனிப் பெண்களைக் குடும்பங்களோடு சேர்த்து அனுப்பினார்.

சிஸ்ஹோமைக் கொண்டாடுவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. குடியேற்ற நாட்டைத் திருத்தும் 'கடவுளின் காவலர்' என்று அவர் நல்ல பெண்களைச் சொன்னார். அந்தச் சொல்லையே எடுத்துத் தன் புத்தகத்தின் தலைப்பில் வைத்து ஆன் சம்மர்ஸ் 1975இல் ஆஸ்திரேலியப் பெண்ணிய வரலாற்றைத் தொடங்கினார். ஒழுக்கத்தைக் காப்பதற்காகக் கேட்ட கதவுதான் அது. ஆனாலும் கதவு கதவுதான். பெண்ணுக்குக் கப்பலில் அடைத்துக்கொள்ள ஓர் அறை வேண்டும் என்று சொல்ல, அதற்கு முன் கப்பலில் வந்த பெண்களை உட்கார வைத்துக் கேட்கத் தோன்றிய ஒருவர் தேவைப்பட்டார்.

இதே மதராஸ் கடற்கரையிலிருந்து, அதே காலத்தில், வேறு பெண்களும் கப்பலேறினார்கள். அவர்களை உட்கார வைத்துக் கேட்க யாரும் இல்லை.

1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் மதராசிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோன முதல் கப்பல் அது. மொரீஷியஸுக்கு அதற்கு முன்பே போய்க்கொண்டிருந்தார்கள். 1903 முதல் மதராசிலிருந்து ஃபிஜிக்கும் போனார்கள். ஃபிஜிக்குப் போகும் கப்பலில் நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆள்பிடிப்பவர்களுக்கு அது தலைவலி. எண்ணிக்கை நிரம்ப வேண்டுமே! விதவை, கணவனை விட்டு வந்தவள், கோயில் திருவிழாக் கூட்டத்தில் வழிதவறியவள், பஞ்சத்தில் ஊரை விட்டுக் கிளம்பியவள் என்று யார் கிடைத்தாலும் டிப்போவுக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாரும் ஏமாந்து வந்தவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. ஊரிலிருந்து தப்பிக்கக் கப்பலைப் பிடித்தவர்களும் இருந்தார்கள்.

கப்பலுக்குள் அதே வரைபடம். தனி ஆண்கள் முன்னால், தம்பதிகள் நடுவில், தனிப் பெண்கள் பின்னால். ஆஸ்திரேலியா போன பெண்ணுக்குப் பின்பகுதி எதற்காகத் தரப்பட்டதோ அதே காரணம்தான் இங்கும் ஏட்டில் இருந்தது. ஆனால் பின்பகுதியில் அவர்களுக்கு மேலே இருந்தவர்கள் யார்? மருத்துவ அதிகாரியும் கப்பல் அதிகாரிகளும். மாலுமிகளிடமிருந்து தூரம் என்றால் அதிகாரிகளுக்குப் பக்கம் என்று பொருள். பாதுகாப்பை யாரிடமிருந்து அளந்தார்கள் என்று பார்த்தால், அளவுகோலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் யார் என்பதும் தெரிந்துவிடும்.

கயூத்ரா பகதூர் 2013இல் வெளியிட்ட 'கூலி வுமன்' என்ற புத்தகத்தை என் மாணவிகளுக்கு எப்போதும் சொல்வேன். அவரது கொள்ளுப்பாட்டி சுஜாரியா 1903இல் கல்கத்தாவிலிருந்து 'கிளைட்' என்ற கப்பலில் பிரிட்டிஷ் கயானாவுக்குப் போனவர். வயிற்றில் பிள்ளை, கூட ஆண் துணை இல்லை. பிள்ளை கடலிலேயே பிறந்தது. கொள்ளுப்பேத்தி அமெரிக்காவில் பத்திரிகையாளராகி ஆவணக் காப்பகங்களில் தேடியபோது, கப்பல் மருத்துவர்களும் அதிகாரிகளும் பெண் பயணிகளிடம் நடந்துகொண்ட விதம் பற்றிய கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஜமைக்க வரலாற்றாசிரியர் வெரீன் ஷெப்பர்ட் ஒரே ஒரு பெண்ணின் கோப்பை எடுத்து முழுப் புத்தகம் எழுதினார். 1885இல் 'ஆலன்ஷா' என்ற கப்பலில் கல்கத்தாவிலிருந்து கயானா போகும் வழியில் இறந்துபோன மகாராணி என்ற பெண். தன்னை மாலுமிகள் வன்புணர்ந்தார்கள் என்று சாவதற்கு முன் உடன் வந்த பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். ஜார்ஜ்டவுனில் விசாரணை நடந்தது. யாரையும் தண்டிக்காமலே முடிந்தது. தூரமும் காக்கவில்லை, பக்கமும் காக்கவில்லை.

மதராசிலிருந்து போன தமிழ்ப் பெண் ஒருத்தியின் கப்பல் அனுபவத்தை அவள் சொல்லாகவே படித்ததில்லை நான். அவளுடைய குடியேற்றச் சீட்டில் தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் இருக்கும். பாரதி ஃபிஜிப் பெண்களுக்காகக் 'கரும்புத் தோட்டத்திலே' பாடியபோது அவர் பார்வை தோட்டத்தில் இருந்தது. அதற்கு முந்தைய பல வாரங்களும் அவள் எங்கே படுத்தாள், பக்கத்தில் யார், இரவில் வெளிக்குப் போக எத்தனை பேரைத் தாண்டிப் போனாள் என்பதற்கு எந்தப் பத்தியும் இல்லை.

இனி இயந்திரத்தின் கதை. இதைச் சற்றுப் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முகவர் எனக்குச் சொன்ன யோசனையின் பிறப்பிடம் இங்கேதான் இருக்கிறது.

பாய்மரக் காலத்தில் கப்பலின் பின்பகுதி கௌரவமான இடம். கப்டன் இருக்கும் இடம், பணக்காரப் பயணிகளின் இடம். நீராவி வந்த பிறகும் பழக்க தோஷத்தில் முதல் வகுப்பைப் பின்னாலேயே வைத்திருந்தார்கள். ஆனால் இப்போது பின்பகுதிக்கு அடியில் சுழல்விசிறி வந்துவிட்டது. கட்டில் நடுங்கியது, மேசையில் கண்ணாடிக் கோப்பைகள் கிணுகிணுத்தன. ஒயிட் ஸ்டார் நிறுவனம் 1871இல் ஓடவிட்ட 'ஓஷியானிக்' கப்பலில் இதற்கு முடிவு கட்டினார்கள். முதல் வகுப்பு அறைகளையும் உணவுக்கூடத்தையும் எடுத்து ஆட்டமும் அதிர்வும் குறைந்த நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். மற்ற நிறுவனங்களும் மெல்ல அதே வழிக்கு வந்தன. நடுவில் எடுங்கள் மேடம் என்று இன்று முகவர் சொல்வதற்கு வயது நூற்றைம்பது.

அப்படியானால் அதிரும் பின்பகுதி யாருக்கு? மலிவுக் கட்டணத்தில் வந்த தனிப் பெண்களுக்கும் குடும்பங்களுக்கும். தனி ஆண்கள் வழக்கம்போல் முன்மூக்கில். 'நல்ல இடம்' நகர்ந்துவிட்டது, பெண்ணின் 'பாதுகாப்பான இடம்' மட்டும் நகரவில்லை. சீமாட்டி காலி செய்த அறையில் வேலைக்காரியைக் குடிவைத்ததைப் போல.

1912இல் 'டைட்டானிக்' புறப்பட்டபோதும் அதே வரைபடம்தான். மூன்றாம் வகுப்புத் தனி ஆண்கள் முன்பகுதியில், தனிப் பெண்களும் குடும்பங்களும் பின்பகுதியில். இரண்டையும் இணைத்த நீண்ட நடைபாதைக்கு ஊழியர்கள் 'ஸ்காட்லாந்து ரோடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். பனிப்பாறை மோதியது முன்பகுதியில். தண்ணீர் முதலில் ஆண்களின் அறைகளுக்கு வந்தது. அவர்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அந்த நடைபாதை வழியே பின்னால் ஓடி வந்தார்கள். அந்த அளவில் பின்பகுதி பெண்களுக்குச் சாதகம் என்றே தோன்றும். ஆனால் உயிர்காக்கும் படகுகள் இருந்தது மிக மேலே, முதல் இரண்டு வகுப்பினர் உலாவும் தளத்தில். மூன்றாம் வகுப்புப் பெண்கள் அந்தத் தளத்தைப் பயணத்தில் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். தடுப்புகள், பழக்கமில்லாத படிக்கட்டுகள், மொழி தெரியாத அறிவிப்புகள். ஜான் ஹார்ட் என்ற ஊழியர் இரண்டு முறை கீழே வந்து பெண்களையும் குழந்தைகளையும் சிறு கூட்டமாக மேலே அழைத்துப் போனார். வழி காட்ட ஆள் வேண்டியிருந்தது என்பதே இடத்தைப் பற்றிய சாட்சி.

பிரிட்டிஷ் விசாரணை தந்த கணக்கு இது. முதல் வகுப்பில் 144 பெண்கள், பிழைத்தவர் 140. இரண்டாம் வகுப்பில் 93 பேர், பிழைத்தவர் 80. மூன்றாம் வகுப்பில் 165 பேர், பிழைத்தவர் 76. 'பெண்களும் குழந்தைகளும் முதலில்' என்பது அன்றிரவின் புகழ்பெற்ற கட்டளை. எந்தப் பெண்கள் என்பதைக் கேபின் இருந்த இடம் பெரும்பாலும் தீர்மானித்துவிட்டது. மூன்றாம் வகுப்பினருக்குப் பாரபட்சம் எதுவும் காட்டப்படவில்லை என்று அந்த விசாரணை தீர்ப்புச் சொன்னது. அங்கே சாட்சி சொல்ல மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவர்கூட அழைக்கப்படவில்லை.

நம் பக்கத்துக் கடலில் வேறொரு கதை புகழ்பெற்றது. 'போஷ்' என்ற ஆங்கிலச் சொல் கப்பல் அறையிலிருந்து வந்ததாம். இந்தியாவுக்கு வரும்போது கப்பலின் இடப்பக்கம், திரும்பிப் போகும்போது வலப்பக்கம், அதாவது வெயில் குறைந்த பக்கம். அந்த நான்கு சொற்களின் முதலெழுத்துகளைப் பணக்காரர்களின் பயணச்சீட்டில் அச்சடித்தார்களாம். அப்படி அச்சடித்த சீட்டு ஒன்றுகூட இதுவரை கிடைத்ததில்லை. சொல்லாராய்ச்சியாளர்கள் இதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட்டார்கள். துரைசானிக்கு வெயில் படாத பக்கம் எது என்று இவ்வளவு அக்கறையாகக் கதை கட்டியவர்கள், அவள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்த ஆயாவுக்கு ஒரு கதைகூடக் கட்டவில்லை. ரோசினா விஸ்ராமின் ஆய்வில் அந்தோணி பெரைரா என்ற ஆயா வருகிறார், 54 முறை இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே கடல் கடந்தவர். வேலை முடிந்ததும் இலண்டனில் கைவிடப்பட்ட ஆயாக்கள் தங்கிய ஹாக்னி இல்லத்துக்கு 2022இல்தான் நினைவுப் பலகை வைத்தார்கள். 54 பயணம் போனவரிடம் ஒரு கப்பலில் எந்த இடம் நல்ல இடம் என்று கேட்டிருந்தால் எவ்வளவு சொல்லியிருப்பார்!

எனக்குக் கேட்கும் பாக்கியம் கிடைத்தது, ஓரளவுக்கு. என் அப்பத்தா 1950களில் இரண்டு பிள்ளைகளோடு 'ரஜூலா'வில் பினாங்கு போனவர். தாத்தா அங்கே ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். ரஜூலா 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று பல்லாண்டு ஓடியது. கட்டியபோது 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. தளப் பயணி என்றால் அறையோ கட்டிலோ இல்லை. பாய் விரித்த இடம்தான் இருப்பிடம். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. படகில் போய் ஏற வேண்டும். ஏறியதும் ஆண்கள் பாயோடு ஓடி இடம் பிடிப்பார்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாகப் போகும் பெண் ஓட முடியாது.

அப்பத்தா ஓடவில்லை. நின்று பார்த்திருக்கிறார். அவர் சொன்னதை என் பதினைந்து வயதில் சுவாரசியத்துக்காகக் கேட்டேன், எழுதி வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. ஞாபகத்தில் இருப்பது இவ்வளவு: "படிக்கட்டோரம் போடப்படாது, போறவன் வர்றவன் காலு படும். கக்கூசுக்குக் கிட்டயும் வேணாம், ரொம்ப எட்டத்துலயும் வேணாம், ராத்திரி எந்திரிச்சுப் போவணுமுல்ல? வயசுப் புள்ளையோட வந்த குடும்பம் எங்கன இருக்குன்னு பாத்தேன். ரெண்டு குடும்பத்துக்கு நடுவுல பாயப் போட்டு, தலைமாட்டுல பொட்டிய வச்சேன்." இரவில் முந்தானை முனையைப் பெரிய பிள்ளையின் கையோடு முடிந்துகொண்டு படுத்தாராம். "கப்பல் ஆடலையா அப்பத்தா?" என்று கேட்டேன். "ஆடுச்சு. அதுக்கென்ன, எல்லாருக்குந்தான் ஆடுச்சு" என்றார்.

என் தோழி லிஃப்ட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டபோது எனக்கு அந்தக் கக்கூஸ் தூரம்தான் ஞாபகம் வந்தது. கிட்டேயும் வேண்டாம், எட்டேயும் வேண்டாம்.

ரஜூலா 1970களின் தொடக்கத்தில் ஓய்ந்தது. அதன்பின் ஓடிய 'சிதம்பரம்' கப்பலில் 1985இல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியே மூடிப்போயிற்று. உலகின் பிற பகுதிகளிலும் விமானம் வந்த பிறகு, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவதற்காகக் கப்பலேறுபவர்கள் குறைந்து, கப்பலில் இருப்பதற்காகவே கப்பலேறும் காலம் வந்தது. அறைக்கு ஒரு பால்கனி என்ற ஆடம்பரம் 1984இல் வந்த 'ராயல் பிரின்சஸ்' போன்ற கப்பல்களிலிருந்து பரவியது. உயரமான தளங்கள் இப்போது காட்சிக்காக அதிக விலை போகின்றன. ஆட்டம் குறைந்த அடித்தளம் மலிவு. வரைபடம் மறுபடி மாறியிருக்கிறது.

மாறாததைப் பற்றி 2010இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. சுற்றுலாக் கப்பல்களில் காணாமல்போனவர்கள், தாக்கப்பட்டவர்களின் குடும்பத்தார் பல ஆண்டுகள் போராடிப் பெற்றது. அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் பெரிய கப்பல்களில் ஒவ்வோர் அறைக் கதவிலும் வெளியே நிற்பவரைப் பார்க்கும் துளையோ அதுபோன்ற வேறு வழியோ இருக்க வேண்டும். புதிய கப்பல்களில் உள்தாழ்ப்பாளும் சாவிக்குக் கால வரம்பும் வேண்டும். எந்த ஊழியர் எப்போது பயணியின் அறைக்குள் போகலாம் என்பதற்கு விதி வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவரைப் பரிசோதிக்கும் கருவிகளும் பயிற்சி பெற்ற மருத்துவரும் கப்பலில் இருக்க வேண்டும். அந்தச் சட்டப்படி வெளியாகும் குற்றப் பட்டியலில் முதலிடத்தில் நிற்பது பாலியல் வன்முறைதான். சட்டத்தைப் படித்து முடித்தபோது, நாங்கள் ஐந்து பேரும் தொலைபேசியில் கேட்டவை ஏறத்தாழ வரிசையாக அதில் இருப்பதைப் பார்த்தேன். முகவர் அவற்றைப் பெண்களின் வீண்பயம் என்று நினைத்திருப்பார்.

அதே 2010இல்தான் 'நார்வீஜியன் எபிக்' என்ற கப்பலில் தனியாக வருபவர்களுக்கென்று 128 சிற்றறைகள் கட்டினார்கள். அதுவரை தனி ஆள் அறை எடுத்தால் இரண்டு பேருக்கான கட்டணத்தைத் தர வேண்டும் என்பதே பொது வழக்கம், இப்போதும் பெரும்பாலான இடங்களில் அதுதான். இல்லாத கணவனுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவது என்று என் விவாகரத்தான தோழி அதைச் சொல்வாள். அந்தச் சிற்றறைகளுக்குக் கடலைப் பார்த்த சன்னல் கிடையாது, நடைபாதையைப் பார்த்த சன்னல்தான். தனியாக வருபவளுக்குக் கடல் எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ. ஆனாலும் தனியாக ஒருத்தி வரக்கூடும் என்று வரைபடத்திலேயே எழுதி வைத்தார்களே, அதுவரைக்கும் சரி.

எங்களுக்கும் இந்தக் கணக்கு இடித்தது. இரண்டிரண்டு பேருக்கு ஓர் அறை என்றால் ஐந்தாவது ஆள் யார்? இல்லாதவருக்கும் சேர்த்துப் பணம் கட்டப்போவது யார்? விவாகரத்தானவள் தானே கட்டுகிறேன் என்றாள், "பழகிப்போச்சுடீ" என்று. யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் மேலிருந்து இறங்கும் கட்டில் உள்ள ஓர் அறையும் அதன் பக்கத்து அறையுமாக எடுத்தோம். கீழிருந்து இரண்டாவது தளம், நடுப்பகுதி, வட்டச் சன்னல். லிஃப்ட்டுக்கு ஐந்து கதவு தள்ளி. இடைக்கதவு இருபுறமும் பூட்டக்கூடியது என்று எழுத்தில் வாங்கினேன். முகவர் சலிப்போடுதான் அனுப்பினார், ஆனால் அனுப்பினார்.

முதல் நாள் இரவு மெரினா வெளிச்சம் மறையும்வரை மேல்தளத்தில் நின்றோம். வங்கக் கடல் அமைதியாகத்தான் இருந்தது. இறங்கி வந்ததும் பக்கத்து அறைக்காரிகள் இருவரும் தலையணையைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கே வந்துவிட்டார்கள். இரண்டு அறைக்குப் பணம் கட்டிவிட்டு ஒன்றில் ஐந்து பேர். தரையில் போர்வையை விரித்தோம். விளக்கை அணைத்த பிறகும் வெகுநேரம் பேச்சு. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். தூங்குவதற்கு முன் ஐந்து பேரும் தண்ணீர் குடிக்கவோ குளியலறைக்கோ தனித்தனியாக ஒருமுறை எழுந்தோம். எழுந்த ஒவ்வொருத்தியும் திரும்பும் வழியில் கதவருகே போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுத்தாள்.